கணையாழியும் சூடாமணியும்

தூது என்பது நம் இலக்கியத்துக்குப் புதியதொரு பொருளன்று. அன்னத்தையும் நாரையையும் மேகத்தையும் தூது விடுத்த புலவர் பலர். ஆயினும் மேகம் போய்ச் சேர்ந்ததா, சொல்லியதைச் சொல்லியவாறே உரைத்ததா என்று அறிதற்கு விடுத்தவருக்கு வழியில்லை. அநுமன் சென்ற தூது அத்தகையதன்று. இராமபிரான் கொடுத்த கணையாழி சீதாபிராட்டியின் கையிற் சேர்ந்தது. சேர்ந்தமைக்குச் சான்றாகச் சூடாமணி மீண்டு வந்தது. அச்சான்றினை அசோகவனத்துக் காவலர் எவரும் தரவில்லை. செய்திக்கு உரியவரே தந்தார் என்பது ஈண்டு உற்றுநோக்கற்பாலது.

விழா மலரொன்றிற் பழைய மாணவனொருவன் எழுதப்புகும்போது தன் காலத்து ஆசிரியர்களையும் விளையாட்டு வெற்றிகளையும் நினைவுகூர்தல் வழக்கம். அப்பணியை என்னினும் நன்கு ஆற்ற வல்லோர் இம்மலரில் எழுதுவர் என்ற நம்பிக்கையால் யான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். இன்று வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் கல்லூரி ஆய்வுகூடங்களுக்கும் வந்து சேர்ந்துகொண்டிருக்கும் “பொருள்களின் இணையம்” என்னும் அமைப்பில், உயிரற்ற கருவிகள் தம்முள் எவ்வாறு தூது விடுகின்றன என்பதும், அத்தூதில் நாம் எங்கே ஏமாறுகின்றோம் என்பதுமே அப்பொருள்.

ஏமாற்றத்தையே முதலிற் சொல்லிவிடுகின்றேன். என் நண்பரொருவர் வலிகாமத்தில் வெங்காயத் தோட்டம் செய்பவர். கிணற்றடி மோட்டாரைக் கைத்தொலைபேசியால் இயக்கும் கருவியொன்றை வாங்கிப் பொருத்தினார். அலுவலாகக் கொழும்புக்குச் சென்றிருந்த ஓரிரவில், மோட்டாரை நிறுத்துமாறு அங்கிருந்தே கட்டளையிட்டார். “கட்டளை ஏற்கப்பட்டது” என்று திரையில் விடை வந்தது. அவர் நிம்மதியாக உறங்கினார். மோட்டாரோ விடியும்வரை ஓடிற்று. அன்றிரவு கிணற்றடிக் கருவிக்கு இணையத் தொடர்பு அற்றுப்போயிருந்தது. கட்டளையை ஏற்றது எங்கோ தொலைவிலிருந்த இடைநிலைச் சேவையகமேயன்றிக் கிணற்றடிக் கருவியன்று. மோட்டார் எரிந்தது ஒரு நட்டம். அதனினும் பெரிய கவலை கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீர்ப் படையே நம் உயிர்நாடி. அளவு கடந்து இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். எழுந்த உவரைப் போக்குதல் எளிதன்று.

கருவி பொய் சொல்லவில்லை. கட்டளை ஏற்கப்பட்டது உண்மையே. யாரால் ஏற்கப்பட்டது என்ற வினாவை நண்பர் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. காவலன் தந்த சீட்டைச் சூடாமணியென்று அவர் எண்ணிவிட்டார்.

இத்தூதின் வரலாறு சுவையானது. 1999 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த அன்டி ஸ்ரான்போட்-கிளார்க் என்பவரும், ஆர்க்கொம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்லன் நிப்பர் என்பவரும் சேர்ந்து எம்.கியூ.ரீ.ரீ. என்னும் செய்தி நெறிமுறையை வகுத்தனர். ஆளரவமற்ற நிலங்களினூடே நெடுந்தூரம் செல்லும் எண்ணெய்க் குழாய்களின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் செய்மதி வழியாக அறிதலே அவர்தம் நோக்கம். செய்மதி வழி குறுகியது. செலவோ மிகப் பெரியது. தொடர்பு அடிக்கடி அறுவது. கருவியின் மின்கலமோ சிறியது. ஆதலின் ஒவ்வொரு பைற்றையும் கணக்கிட்டே அவர்கள் நெறிமுறையை அமைத்தனர். அதன் மிகச் சிறிய செய்தி 2 பைற்று அளவினது. “இருக்கின்றேன்” என்று கருவி அறிவிப்பதற்கு அவ்விரண்டே போதும்.

2010 ஆம் ஆண்டில் இந்நெறிமுறை உரிமைப்பணமின்றி எவரும் கையாளத்தக்கதாக வெளியிடப்பட்டது. 2014 இல் ஒயாசிஸ் என்னும் நியம அமைப்பு இதனைத் தன் நியமமாக ஏற்றது. 2016 இல் இது 20922 என்னும் இலக்கத்துடன் சருவதேச நியமமுமாயிற்று. 2019 இல் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. எண்ணெய்க் குழாய்க்கென அமைத்தது இன்று மின்குமிழுக்கும் மோட்டார் வண்டிக்கும் வயற்காட்டு உணரிக்கும் பொதுமொழியாகிவிட்டது. வறுமைக்கு ஏற்பப் பிறந்த பொருள் வளம் வந்த பின்னும் நிலைத்து நின்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதன் இயக்கத்தை அறிய நம் கைகளிலுள்ள இம்மலரே உதவும். கட்டுரை எழுதுவோன், தன் கட்டுரையை யார் யார் வாசிப்பர் என்று அறிந்து அவரவர் வீட்டுக்கு அனுப்புவதில்லை, பதிப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுகின்றான். சந்தாதாரர் பட்டியலைப் பேணி, உரியவருக்கு உரியதை அனுப்புதல் பதிப்பாசிரியர் பொறுப்பு. எம்.கியூ.ரீ.ரீ. நெறியிலும் உணரி செய்தியைப் பிரசுரிக்கும். வேண்டியவர் அத்தலைப்புக்குச் சந்தாதாரராவர். இடையில் நிற்கும் தரகர் என்னும் மென்பொருள் இருசாராரையும் இணைக்கும். தலைப்புகள் கிளைகளாகப் பிரிந்து செல்வன. “கல்லூரி/கிணறு/நீர்மட்டம்” என்று ஒரு தலைப்பிடலாம். நெறிமுறை யூ.ரீ.எவ்.-8 எழுத்துமுறையைக் கொண்டதாதலின் தலைப்பைத் தமிழிலேயே இடுதற்குத் தடையில்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்றும் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைற்றும் செலவாகுமாதலாற் சுருங்கச் சொல்லல் மட்டும் வேண்டும். அஃது எப்படியும் நல்ல பழக்கமே.

இனி, செய்தியைச் சேர்ப்பிக்கும் உறுதியில் மூன்று தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பூச்சியத் தரம் சாதாரண தபாலட்டை போன்றது. அனுப்பியதோடு கடமை முடிந்தது; சேர்ந்தால் ஒருமுறை சேரும், இல்லையேல் இல்லை. முதலாந் தரம் பதிவுத் தபால் போன்றது. பெற்றமைக்கு ஒப்புச்சீட்டு வரவேண்டும். வராமல் தொடர்பு அறுந்தால், மீண்டும் தொடர்பு கிடைத்ததும் அதே செய்தி மறுபடி செல்லும். ஆகவே ஒரு செய்தி இருமுறை சேர்தலும் கூடும். இரண்டாந் தரத்தில் ஒரு செய்தி ஒரேயொரு முறை சேருமென்பது உறுதி. அவ்வுறுதியின் பொருட்டு “இதோ செய்தி”, “பெற்றேன்”, “இனி விடுவிக்கலாம்”, “முடிந்தது” என நான்கு கைமாற்றங்கள் நிகழும்.

உயர்ந்த தரமே சிறந்த தரமென்று மாணவர் எண்ணிவிடலாகாது. கால்மணிக்கொருமுறை வரும் நீர்மட்ட அளவில் ஒன்று தவறினால் அடுத்தது வந்துவிடும். அதற்குத் தபாலட்டையே போதும். நீர் அபாய எல்லைக்குத் தாழ்ந்துவிட்டதென்னும் எச்சரிக்கைக்கு முதலாந் தரம் வேண்டும். அஃது இருமுறை வந்தால் எவருக்கும் தீங்கில்லை. “மோட்டாரை நிறுத்து” என்ற கட்டளையும் அத்தகையதே. நிறுத்திய மோட்டாரை மீண்டும் நிறுத்தச் சொல்வதால் ஒன்றும் கெடாது. ஆனால் “இன்னும் ஒரு படி உரநீர் விடு” என்ற கட்டளை இருமுறை சேர்ந்தால் பயிர் கருகும். ஆதலின் எத்தரம் வேண்டுமென்று வினவுமுன், இச்செய்தி தவறினால் யாருக்கு என்ன கேடு, இரட்டித்தால் யாருக்கு என்ன கேடு என்று வினவுதல் வேண்டும். கட்டளையை எழுதும்போதே இரட்டித்தாலும் கெடாதவாறு எழுதுதல் அதனினும் சிறந்தது.

இங்கேதான் என் நண்பர் இடறிய கல் இருக்கின்றது. இம்மூன்று தரங்களும் ஈரிடங்களில் தனித்தனியே நிகழ்வன: அனுப்புவோனுக்கும் தரகருக்கும் இடையில் ஒன்று, தரகருக்கும் பெறுவோனுக்கும் இடையில் மற்றொன்று. அனுப்புவோனுக்குக் கிடைக்கும் ஒப்புச்சீட்டு தரகர் தருவது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்வதில்லை. பெறுவோன் விழித்திருக்கின்றானா, கேட்டானா, கேட்டதைச் செய்தானா என்பன அச்சீட்டில் இல்லை. நெறிமுறையின் குறையன்று இது; அதன் எல்லை. எல்லையை அறிந்தவர், மோட்டார் நின்றபின் மோட்டாரே “நின்றேன்” என்று வேறொரு தலைப்பிற் செய்தி விடுமாறு அமைப்பர். ஐந்தாம் பதிப்பில், விடையை எத்தலைப்புக்கு அனுப்புவது, அது எக்கேள்விக்குரிய விடை என்று குறிப்பதற்கே இடம் விடப்பட்டுள்ளது. அவ்விடையே சூடாமணி. அது வரும்வரை திரையில் “நிறுத்தப்பட்டது” என்று காட்டாமல் “காத்திருக்கின்றது” என்று காட்டுதலே நேர்மை.

இறந்துபோன கருவியை அறிதற்கும் நெறிமுறையில் ஓர் ஏற்பாடு உண்டு. அது நம் நொத்தாரிசுமாருக்கு நன்கு விளங்கும். கருவி தரகரோடு தொடர்பு கொள்ளும்போதே ஒரு மரணசாதனத்தை எழுதிக் கொடுத்துவிடலாம். 60 செக்கனுக்கு ஒருமுறையேனும் தன் இருப்பை அறிவிப்பதாக உடன்பட்ட கருவி, அதன் ஒன்றரை மடங்காகிய 90 செக்கன் கடந்தும் வாய்திறவாதிருப்பின், தரகர் அச்சாதனத்தைத் திறந்து சந்தாதாரர் அனைவர்க்கும் வாசிப்பார். என் நண்பரின் கருவியில் இவ்வேற்பாடு அமைக்கப்பட்டிருப்பின், “கிணற்றடி தொடர்பற்றது” என்ற செய்தி அவரை எழுப்பியிருக்கும். அயலவரொருவரைத் தொலைபேசியில் அழைத்திருப்பார். கோயிற் சுவரில் ஒட்டிய திருவிழா அறிவித்தல் பிந்தி வந்தவருக்கும் தெரிவதுபோல, ஒரு தலைப்பின் கடைசிச் செய்தியைத் தரகர் பேணி, புதிதாய்ச் சேரும் சந்தாதாரருக்கு உடனே காட்டும் வசதியும் உண்டு. இவ்விரண்டும் இலவசமானவை, பயன்படுத்துவோர்தாம் குறைவு.

பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகளைக் கண்டு, இது செய்திகளை வரிசையில் நிறுத்தும் நெறியென்று பலர் கருதுவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் பழைய மென்பொருட் குடும்பமொன்றின் பெயரிலிருந்து வந்தவை அவ்வெழுத்துகள். தொடர்பற்ற சந்தாதாரருக்குரிய செய்திகளைத் தரகர் சேர்த்துவைக்க வல்லவராயினும், வரிசையையே அடிப்படையாகக் கொண்ட நெறிமுறை வேறு. 2003 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியைச் சேர்ந்த ஜோன் ஓஹாரா என்பவரால் தொடங்கப்பெற்ற ஏ.எம்.கியூ.பி. அத்தகையது. வங்கிக் கணக்கிற் செய்தி ஒன்றும் தொலையலாகாது; ஒரு வேலையை ஒருவரே செய்ய வேண்டும். அதில் வரிசையில் நிற்கும் செய்தியை ஓர் ஊழியன் எடுத்தால் மற்றவன் அடுத்ததை எடுப்பான். எம்.கியூ.ரீ.ரீ. நெறியிலோ சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி செல்வதே பொதுவழக்கு. வங்கிக்கு ஆக்கியதைக் கிணற்றடிக்கும், கிணற்றடிக்கு ஆக்கியதை வங்கிக்கும் கொண்டுசெல்வோர் பின்னர் நெறிமுறையை நொந்து பயனில்லை.

செய்தி உரியவரைச் சேராமையால் வரும் கேடு தோட்டத்தோடு நிற்பதன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராக் கரைக்கப்பாற் கடலடியில் நிலம் நடுங்கிய கால்மணி நேரத்தளவில், ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிக்கையை விடுத்தது. நடுக்கத்தின் பருமன் அதில் உண்மையினுங் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. அறிக்கையும் பசிபிக் நாடுகளுக்கென வகுத்த பட்டியலின்படியே சென்றது. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கைப் பட்டியலும் இல்லை. முல்லைத்தீவிலோ மருதங்கேணியிலோ கடற்கரையில் நின்றவரின் காதுக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் கடைசிப் படியும் இல்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. ஆயினும் அப்பாடம் என்றும் பழையதாவதில்லை. உணரி அறிந்தது போதாது. நிலையம் அறிந்தது போதாது. கரையில் நிற்பவன் அறிந்தானா என்பதே கேள்வி.

இனிப் பாதுகாப்பைப் பற்றிச் சிறிது கூறுவேன். தரகர் யாவரையும் உள்ளே விடும் இயல்பினராயின், அவரிடம் வரும் செய்தி அனைத்தும் தெருவிற் கிடக்கும் செய்தியே. 2018 ஆம் ஆண்டில் அவாஸ்ற் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தபோது, இணையத்தில் வெளிப்படையாகத் தென்பட்ட 49,000 க்கு மேற்பட்ட எம்.கியூ.ரீ.ரீ. சேவையகங்களுள் 32,000 க்கு மேற்பட்டவை கடவுச்சொல்லே இல்லாதவையாயிருந்தன. கடவுச்சொல் இருப்பினும், மறைகுறியாக்கம் இன்றி அனுப்பினால் வழியிலுள்ளோர் அதனை வாசிக்கலாம். மொஸ்கிற்றோ என்னும் புகழ்பெற்ற தரகர் மென்பொருளை ஆக்கியோர் 2020 இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் இயல்பையே மாற்றினர்: உரிமையாளர் வேண்டுமென்று அமைத்தாலொழிய அது தான் இயங்கும் கணினிக்கு அப்பாலுள்ள எவருக்கும் கதவு திறவாது. அறிவுடையோர் செய்யத்தக்கது இதுவே. கதவை முதலிற் பூட்டிவைத்துப் பின்னர் உரியவருக்குத் திறப்பைக் கொடுத்தல் வேண்டும்.

இவையனைத்தையும் கேட்டு, “ஆயத்தமாய் விற்கும் கருவியை வாங்கினால் இத்துணைத் தொல்லை ஏன்? ஆசிரியர்க்கு நேரமேது? மின்வெட்டு வந்தாற் கல்லூரித் தரகர் தாமே படுத்துவிடுவாரே” என்று சொல்வோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. கல்லூரி மூலையிலுள்ள சிறு கணினியினும் பெருநிறுவனத்தின் சேவையகம் நெடுநேரம் விழித்திருக்கும். ஆயினும் பெருநிறுவனமும் கடை கட்டும். கூகிள் நிறுவனம் பொருள்களின் இணையத்துக்கென நடத்திய தன் சேவையை 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆம் நாள் மூடிவிட்டது. பொதுநெறிமுறையைப் பேசிய கருவிகளை உடையோர், கருவியின் மென்பொருளைத் திருத்தி வேறொரு தரகரிடம் செல்ல முடிந்தது. மூடிய மொழியொன்றையே பேசும் கருவியோ, அதன் தரகர் மறைந்த நாளில் ஊமையாகிவிடும். ஆகவே வாங்குவது குற்றமென்று யான் கூறவில்லை. நம் மொழியறியாத தூதனை, திரும்பிவரும் வழியறியாமல், முழுப்பணமும் கொடுத்து வாங்குவதே குற்றம்.

விழாக் காலத்திற் பழைய மாணவர் கல்லூரிக்குக் கருவிகளை அன்பளிப்புச் செய்தல் பெருவழக்கு. அன்பளிப்புக்குக் காசோலை எழுதுமுன் நாம் மூன்று வினாக்களைக் கேட்போமாக. இக்கருவி எவரும் அறியத்தக்க பொதுநெறிமுறையைப் பேசுகின்றதா? இதன் தரகர் எங்கே இருக்கின்றார், அவர் மறைந்தால் வேறொருவரிடம் செல்லலாமா? இதன் திறப்பு யார் கையில் இருக்கும்? விடை கூறமாட்டாத வியாபாரியிடம் வாங்குவதினும் வாங்காதிருத்தல் நன்று.

அதனினும் சிறந்த அன்பளிப்பு ஒன்று உண்டு. கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளக்கும் உணரிகளை மாணவரே அமைக்கட்டும். றாஸ்பெரி பை போன்ற சிறு கணினியொன்றிற் கட்டணமின்றிக் கிடைக்கும் தரகர் மென்பொருளை இட்டு ஆய்வுகூடத்தில் வைக்கட்டும். எச்செய்திக்கு எத்தரம் வேண்டுமென்று தமக்குள் வாதிடட்டும்; மரணசாதனம் எழுதட்டும்; கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதிருக்கவும் பழகட்டும். ஓராண்டில் அக்கிணறு மாரியில் ஏறியதும் கோடையில் இறங்கியதும் அவர்தம் கையெழுத்திலேயே வரைபடமாகும். அதற்கு ஆகும் செலவு, நாம் பரிசாக வழங்க எண்ணும் மினுமினுக்கும் பெட்டிகளுட் பலவற்றின் விலையினும் குறைவு. அவ்வாய்வுகூடத்திலிருந்து வெளிவரும் மாணவன், “ஏற்கப்பட்டது” என்ற சொல்லைத் திரையிற் காணும்போது, “யாரால்?” என்று கேட்பான். அக்கேள்வியைக் கேட்கப் பழக்குதலே கல்வி.

என் நண்பர் இப்பொழுது புதிய மோட்டார் பூட்டியிருக்கின்றார். பழைய கருவியைக் கழற்றிவிட்டு, அயலூர் மாணவரிருவர் அமைத்துக்கொடுத்ததைப் பொருத்தியிருக்கின்றார். நிறுத்தச் சொன்னபின் சில கணங்கள் “காத்திருக்கின்றது” என்று காட்டி, மோட்டாரிடமிருந்து விடை வந்தபின்னரே “நின்றது” என்று அது காட்டுகின்றது. அச்சில கணங்களைப் பற்றி அவர் முறையிடுவதில்லை.

நம் கல்லூரி அன்னை விடுத்த தூதர் உலகெங்கும் சென்றுள்ளோம். அவள் கொடுத்த கணையாழி நம் கையில் உண்டு. சூடாமணியோடு மீளும் கடமை நம்முடையது.

வாழ்க கல்லூரி! வளர்க அதன் பணி!